மணலில் புதைந்த சிவப்பு வண்டி

எங்கள் ஊரில் தீ என்பது காற்றின் சங்கதி. அடுப்பிலிருந்து பொறி தெறிப்பது எல்லா ஊரிலும் உண்டு. மணப்பாட்டில் அந்தப் பொறி எந்த மாதத்தில் தெறித்தது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு வீடு போகுமா, ஒரு தெருவே போகுமா என்பது முடிவாகும். ஐப்பசி, கார்த்திகையில் கவலையில்லை. கூரை ஓலை நமத்துப்போய்க் கிடக்கும். தீக்குச்சியே இரண்டு மூன்று தடவை உரசினால்தான் பிடிக்கும். வைகாசி பிறந்து கச்சான் எழும்பிவிட்டால் கதை வேறு. மழையையெல்லாம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் வறட்சியோடு இறங்கி வருகிற காற்று அது. வழியில் தேரிக்காட்டுச் செம்மணலையும் அள்ளிக்கொள்ளும். சோற்றில் மணல், கண்ணில் மணல், வேதப்புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவிலும் மணல். அந்தக் காற்றில் அடுப்பு மூட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு நேரம் இருந்தது: விடிவதற்கு முன். வெயில் ஏறிய பிறகு அடுப்பில் நெருப்பு இருந்தால் பாட்டி சத்தம் போடுவாள்.

ஊரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூரிலிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், குன்றின் அடியில் புனித சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை. அவர் இங்கிருந்து எழுதிய 1544-ஆம் ஆண்டுக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஊருக்குள் இரண்டு வகை வீடுகள். கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்தவர்கள் எழுப்பிய மாளிகைகள் ஒரு வகை. கனத்த சுவர், உயரமான தூண், தேக்கு உத்தரம், ஓடு. அவற்றின் முதுகுக்குப் பின்னால், கடற்கரை வரைக்கும், பனை ஓலை வேய்ந்த குடிசைகள். சுவரும் ஓலை, கூரையும் ஓலை, வேலியும் ஓலை. படுக்கிற பாய், மணல் அள்ளுகிற கடகம், கருவாடு வைக்கிற பெட்டி எல்லாமே பனை. அடுப்பெரிக்கிற விறகும் பனை மட்டையும் காவோலையும்தான். எரிகிற பொருளுக்குள்ளேயே குடியிருந்து, அதையே எரித்துச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். யோசித்தால் ஊர் மிஞ்சியதே ஆச்சரியம்.

ஊருக்கு மேற்கே பனைவிளைகளில் பதநீர் காய்ச்சும் விடிலிகள் வேறு. உடன்குடிக் கருப்பட்டி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய சரக்கு இந்த விடிலிகளில்தான் காய்ந்தது. பதநீர்க் காலமும் கச்சான் காலமும் பெரும்பாலும் ஒன்று. ஓலைக் குடிலுக்குள் மணிக்கணக்காக எரியும் அடுப்பு, வெளியே அந்தக் காற்று. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு விளையில் விடிலி எரிந்த சேதி வரும். யாரும் அதைத் தீ விபத்து என்று சொன்னதில்லை. "அவன் விடிலி போயிட்டு" என்பார்கள். அடுத்த வாரம் புது ஓலை வெட்டிக் கட்டிவிடுவார்கள்.

ஊருக்குள் பிடித்தால் அப்படி விட முடியாது. கோயில் மணி அடிக்கும். மூன்று வேளை செபத்துக்கு ஒரு கணக்கு, சாவுக்கு ஒரு கணக்கு, பூசைக்கு ஒரு கணக்கு. தீக்குக் கணக்கே கிடையாது. கயிற்றைப் பிடித்தவன் கை ஓயும்வரை அடிப்பான். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பகலில் தீ பிடித்தால் ஊரில் பாதி ஆம்பிளைகள் கடலில் இருப்பார்கள். வள்ளத்தில் இருந்தபடியே கரையில் எழும் புகையைப் பார்ப்பார்கள். கோபுரத்தையும் குன்றையும் அடையாளம் வைத்து வலை போட்ட இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்; அதே கணக்கில் எரிவது எந்தத் தெரு என்பதையும் சொல்லிவிடுவார்கள். எதிர்க்காற்றில் பாய் விரித்துக் கரை வந்து சேர எத்தனை நேரம் ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். என் பெரியப்பா ஒரு தடவை தன் வீட்டுப் புகையைக் கடலில் இருந்து பார்த்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

ஆகவே தீயோடு மல்லுக்கு நின்றது பெண்களும் கிழவர்களும்தான். அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. எரிகிற வீட்டின் பக்கம் யாரும் போகமாட்டார்கள். காற்று போகிற திசையில் இரண்டு வீடு தள்ளி நிற்பார்கள். துறட்டிக் கம்பால் ஓலையை இழுப்பார்கள், அரிவாளால் கட்டுக்கயிறை அறுப்பார்கள், நல்லாயிருக்கும் கூரையைச் சரித்து வெளியே போடுவார்கள். அதற்கும் அடுத்த வீட்டுக் கூரை மேல் கடல் தண்ணீரில் முக்கி எடுத்த வள்ளத்துப் பாயை விரிப்பார்கள். சிறுசுகளுக்குக் கடகத்தில் மணல் அள்ளிக் கொடுக்கிற வேலை. "தீய அணைக்கதுக்கு யாருக்கும் வக்கு கிடையாதுல. அடுத்த வீட்ட அதுக்குக் கொடுக்காம இருக்கணும், அம்புட்டுதான்" என்று ஒரு பாட்டையா எனக்குச் சொன்னார். பின்னாளில் தீயணைப்பு நூல் ஒன்றைப் புரட்டியபோது அவர் சொன்னது அப்படியே ஒரு அத்தியாயமாக இருந்தது, படங்களோடு.

எரிந்தவன் வீட்டைவிடப் பிய்க்கப்பட்டவன் வீட்டில்தான் அன்று ராத்திரி சண்டை நடக்கும். "என் கூரையில நெருப்பே படலையே, எதுக்குப் பிய்ச்சீங்க?" என்று. நியாயமான கேள்வி. பிய்த்ததால்தான் படவில்லை என்று அவனுக்கு யார் புரியவைப்பது? கடைசியில் சாமியார் வந்து சமாதானம் பேசுவார். கூரை போனவனுக்கு முதலில் ஓலை போகும். எரிந்த தெருவில் கருவாடு வெந்த வாசனை நாள்கணக்கில் நிற்கும். நாய்களுக்குக் கொண்டாட்டம்.

இந்தக் கதையில் தீயணைப்பு வண்டி எங்கே என்று கேட்கலாம். அது கடைசியில்தான் வரும். அன்றைக்கு எங்கள் ஊரில் வண்டி கிடையாது. தபால் ஆபீசில் போன் உண்டு. டிரங்க் கால் பதிய வேண்டும். அந்தப் பக்கம் மணி அடிக்க வேண்டும். அப்புறம் வண்டி புறப்பட்டுக் குண்டும் குழியுமான கடலோரச் சாலையில் வந்து சேர வேண்டும். ஓலைக் குடிசை முழுதாக எரிந்து முடிய ஒரு ஜெபமாலை சொல்கிற நேரம்கூட ஆகாது. வண்டிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பறந்து வந்தாலும் சாம்பலுக்குத்தான் வர முடியும். வந்து, குழாயைப் பிரித்து, புகைந்துகொண்டிருக்கிற மட்டைக் குவியலில் தண்ணீர் அடித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள்.

ஆனாலும் அந்த வண்டி மேல் எங்களுக்கு இருந்த மோகத்துக்கு அளவே இல்லை. அதை ஆற அமரப் பார்க்கக் கிடைத்தது திருவிழாவில். செப்டம்பர் 1 கொடியேறினால் 14-ஆம் தேதி திருச்சிலுவை மகிமைத் திருநாள் வரைக்கும் ஊர் கொள்ளாத கூட்டம். வருகிறவர்கள் தங்க ஓலைக் கொட்டகைகள், அதற்குள்ளேயே சமையல், போதாததற்கு வாணவேடிக்கை. கச்சான் அடங்கியிருக்காது. அதனால் காவலுக்கு ஒரு வண்டி வந்து நிற்கும்.

முன்னால் மூக்கு நீண்ட டாடா மெர்சிடிஸ் பென்ஸ் வண்டி அது. மூக்கின் நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம். சிவப்பு என்றால் லாரிக்கு அடிக்கிற சிவப்பு அல்ல. பலமுறை அடித்து, மெழுகு தேய்த்து, நம் முகம் தெரிகிற சிவப்பு. ஓட்டுநர் பக்கம் பித்தளை மணி, அதன் நாக்கில் கயிறு. பக்கவாட்டில் மரப்படிகள் மேல் சுருட்டி வைத்த கான்வாஸ் குழாய்கள். ஒவ்வொரு குழாயின் நுனியிலும் பித்தளை இணைப்பு, பூசைப் பாத்திரம் போலத் துலக்கி வைத்திருப்பார்கள். கூரையில் ஏணி. பின்பக்கம் பம்ப், வட்ட வட்டமான அழுத்தமானிகள், திருகு சக்கரங்கள். பம்புக்குத் தனி இன்ஜின் இல்லை, வண்டி இன்ஜினே அதையும் சுற்றும் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. நின்ற இடத்தில் வண்டி உறுமுகிறதே, அது பின்னால் தண்ணீர் தள்ளத்தான்.

"அண்ணாச்சி, இதுல எம்புட்டுத் தண்ணி பிடிக்கும்?"

"ஆயிரம் காலன்."

நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். அன்று எங்களுக்கு அந்த எண் திகைப்பாக இருந்ததற்குக் காரணம் தீ இல்லை. ஊரில் நல்ல தண்ணீருக்கு இருந்த பாடு அப்படி. வெயிலில் பளபளத்துக்கொண்டு இவ்வளவு நல்ல தண்ணீர் சும்மா நிற்கிறதே என்று அம்மாக்கள் அந்த வண்டியைப் பார்த்த பார்வை வேறு.

அந்தப் பார்வைக்கு ஒரு நாள் பலன் கிடைத்தது. திருவிழா இல்லாத நாளில் கடற்கரையில் ஒரு வலைக் கொட்டகை எரிந்தது. பருத்தி வலை போய் நைலான் வலை வந்துவிட்ட சமயம். பருத்தி வலை புகையும். நைலான் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடத்தையும் எரிக்கும். கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் டின்களும் இருந்தன. வழக்கம்போல வண்டி வந்தபோது கறுப்பு வட்டம்தான் மிச்சம். ஆனால் அந்த நிலைய அதிகாரி கடமை தவறாதவர். கிட்டத்தில் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஓட்டுநரைக் கடற்கரைக்குள் திருப்பச் சொன்னார். ஊர்க்காரர்கள் கை காட்டித் தடுத்தார்கள். கேட்கவில்லை. தார் ரோட்டைத் தாண்டி இருபது கெஜம் போயிருக்கும். பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. ஓட்டுநர் உறும விட்ட ஒவ்வொரு உறுமலுக்கும் இன்னும் நாலு விரற்கடை கீழே போனது.

நாலரை டன் தண்ணீர் உள்ளே. அதை இறக்காமல் அசையாது என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்கு மட்டும் மனசில்லை. தண்ணீரில்லாத வண்டியை வைத்துக்கொண்டு திரும்பிப் போவதா, வழியில் வேறு எங்காவது கூப்பிட்டால் என்ன செய்வது என்று அவர் கவலை அவருக்கு. "எதுக்க கடல் கிடக்கே, அதுல எடுத்து ரொப்பிக்கிட வேண்டியதுதானே" என்றார் ஒருவர். அப்போதுதான் ஓட்டுநர் வாய் திறந்தார். கடல் தண்ணீரை உறிஞ்சலாம். ஆனால் அலையடிக்கிற கரையில் உறிஞ்சு குழாய்க்குள் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் ஏறும், பம்புக்குள் சுழலுகிற சக்கரத்தை அரைத்துவிடும். தப்பித்தவறி மணலேறாமல் எடுத்தாலும் உப்பு உள்ளே தங்கிவிடும்; நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் பித்தளையும் இரும்பும் சேர்ந்து பொரிந்துபோகும். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் இல்லை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கடைசியில் அதிகாரி தலையசைத்தார். பின்பக்க வால்வைத் திறக்கப் போன நேரம், எங்கிருந்தோ ஒரு குடம் வந்து கீழே நின்றது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தெருவே குடத்தோடு நின்றது. மணலுக்குப் போக வேண்டிய தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் வீடுகளுக்குப் போனது. துரு நிறமும் கிரீஸ் வாசனையுமாக இருந்த அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. துணி துவைத்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், முருங்கைக்கு ஊற்றினார்கள். தீயணைப்பு வண்டியால் அந்த ஊர் நேரடியாகப் பெற்ற முதல் உபகாரம் அது.

சாயங்காலம் வள்ளங்கள் கரை பிடித்ததும் ஆட்கள் வந்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் பனங்கைகளைப் போட்டு, வள்ளம் இழுக்கிற வடத்தை வண்டியின் பின்கொக்கியில் மாட்டி, அம்பா பாடிக்கொண்டு இழுத்தார்கள். வண்டியையும் வள்ளத்தைப் போலவே முதலில் இடவலமாக ஆட்டி, மணலின் பிடியைத் தளர்த்திவிட்டுத்தான் இழுத்தார்கள். காக்கி உடுப்புக்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வடம் பிடித்தார்கள். வண்டி ரோட்டில் ஏறியதும் ஓட்டுநர் பித்தளை மணியை ஒரு பாட்டம் அடித்தார். யாரும் அவரிடம் அடிக்கச் சொல்லவில்லை.

அந்த மூக்கு வண்டிகளுக்கு ஒரு வம்சம் உண்டு. சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் தொடங்கியது. ஆனால் அந்தக் காலத்து மோட்டார் தீயணைப்பு வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தில்லிக்குப் போகலாம். சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1914-ஆம் ஆண்டு வண்டி ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜான் மாரிஸ் கம்பெனி, நிஜாமின் ரயில்வேக்காகச் செய்து கொடுத்தது. காற்றடைத்த டயர் இல்லை, கெட்டி ரப்பர். பழைய கார்களின் ஓட்டத்தில் அதையும் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கெட்டி ரப்பர் எங்கள் மணலில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஊர்க் கிழவர்களுக்குத் தீயணைப்பு என்றால் யுத்த காலம். 1942-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அந்த ஊரில் கடையும் உறவும் வைத்திருந்த மணப்பாட்டுக்கு அது அடுத்த தெருவில் விழுந்த குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. பட்டணங்களில் விமானத் தாக்குதல் தற்காப்புக்கான ஏ.ஆர்.பி. ஆட்கள், மணல் வாளிகள், ஜீப்பின் பின்னால் இழுத்துப் போகும் பம்புகள் எல்லாம் வந்தது அந்தப் பயத்தில்தான். இரண்டு வருடம் கழித்து, 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் வெடித்தது. ஒரே கப்பலில் பஞ்சும் வெடிமருந்தும். பஞ்சில் பிடித்த தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். இன்றும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடுவது அவர்கள் நினைவில்தான். பஞ்சு அழுத்தும் ஆலைகள் நிறைந்த தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தச் சேதியைப் பாடம் நடத்தி விளக்க வேண்டியதில்லை. அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிக்குள் தீ புகுந்துவிட்டால் மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காது. வெளியே அணைந்ததாகத் தெரியும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிலாந்து வண்டிகளின் காலம் மெல்ல முடிந்தது. 1948-இல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி செய்தது. 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ். லாரிச் சட்டகத்தை வாங்கி, அதன் மேல் தொட்டியும் பம்பும் ஏற்றி, சிவப்படித்தால் தீயணைப்பு வண்டி. நாங்கள் தெய்வமாகப் பார்த்த அந்த மூக்கு வண்டி, அடிப்படையில் உப்பு மூட்டை ஏற்றிப் போகிற லாரியின் உடன்பிறப்பு. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. பிறகு மூக்கு சிறுத்தது. பிறகு மூக்கே இல்லாமல் தட்டை முகமாயிற்று. பித்தளை மணி போய் சைரன் வந்தது. பழைய மணிகள் எங்கே போயின என்று யாரிடமாவது கேட்க வேண்டும். எடைக்குப் போட்டிருந்தால் எனக்கு வருத்தம்.

வண்டி மாறியதைவிட ஊர் மாறியதுதான் பெரிய சங்கதி. வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் போன பிள்ளைகளின் பணம் வந்தது. ஓலை போய் ஓடு வந்தது. ஓடு போய்த் தளம் வந்தது. 2007-இல் அரசு இலவசமாக காஸ் அடுப்பு கொடுத்தது. 2010-இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், மாநிலம் முழுக்க 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் ஆக்குவோம் என்று கிளம்பியது. அதற்கு முன்பே சுனாமிக்குப் பிந்திய குடியிருப்புகள். இவற்றில் ஒன்றுகூட தீயணைப்புத் துறையின் கணக்கில் வராது. ஆனால் மணப்பாட்டில் தீயை அணைத்தது யார் என்று கேட்டால் என் பதில் கொத்தனார்தான். இன்றைக்கு ஊரில் பனை ஓலையைப் பார்க்க வேண்டுமானால் மகளிர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக வேண்டும். சாயம் தோய்த்து, மெல்லிசாகக் கிழித்து, அழகழகான பெட்டிகளாகப் பின்னி விற்கிறார்கள். கூரையாக இருந்து பயமுறுத்தியது இப்போது கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தீ குறைந்தால் தீயணைப்புத் துறைக்கு வேலை குறையும் என்றுதான் எவரும் நினைப்போம். நடந்தது தலைகீழ். 1985-இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. பின்னால் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' சேர்ந்தது. கிணற்றில் விழுந்த மாடு, சமையலறையில் புகுந்த சாரை, மரத்தில் கூடு கட்டிய கதண்டு, லாரிக்கடியில் நசுங்கிய மோட்டார் சைக்கிள். தீக்கு வருகிற அழைப்புகளைவிட இவற்றுக்கு வருகிற அழைப்புகள் அதிகமாகிவிட்டன. மாநிலத்தில் 350-க்கும் மேற்பட்ட நிலையங்கள். 2003-இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அதிகாரிகளாகச் சேர்ந்து, பெண்களுக்கும் அந்தத் துறையின் வாசலைத் திறந்தார்கள். 2012 ஜனவரி 16 அன்று, சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் நவாப் காலத்துக் கலசமகால் எரிந்தபோது, உள்ளே போன நிலைய அலுவலர் அன்பழகன் திரும்பவில்லை. பிரியா ரவிச்சந்திரன் கடும் தீக்காயங்களோடு தப்பினார். பாம்பு பிடிக்கிறவர்கள் என்று அவர்களைக் கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் அந்தத் துறைக்கு மரியாதை கூடியது தண்ணீரால். 2004 சுனாமியில், இலங்கையின் மறைவு இருந்ததால், நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது எங்களுக்கு நேரவில்லை. 2023 டிசம்பரில் மறைவு எதுவும் இல்லை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு காணாத சீமை இது. தாமிரபரணி கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஏரலும் ஆழ்வார்திருநகரியும் தீவுகளாயின. ரப்பர் படகோடு தீயணைப்புக்காரர்கள் ஒரு பக்கம், பேரிடர்ப் படை ஒரு பக்கம், லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு போன கடற்கரைப் பையன்கள் ஒரு பக்கம். எங்கள் சொந்தத்தில் ஒருவன் போய்விட்டு வந்து சொன்னான்: "மாமா, கடல்ல நமக்கு வழி தெரியும். அங்க கீழ வேலி கிடக்கா, கிணறு கிடக்கா, கரண்டு கம்பி கிடக்கான்னு ஒண்ணும் தெரியாது. ஃபயர் சர்வீஸ்காரங்க முன்னால நின்னு கம்பு விட்டுப் பார்த்துச் சொல்லுவாங்க, நாங்க துடுப்புப் போடுவோம்."

இப்படி வேலை கூடிய காலத்தில்தான் பழைய வண்டிகளுக்கு முடிவு வந்தது. பதினைந்து ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி செய்தது. ராணுவம், சட்டம் ஒழுங்குக்கான கவச வாகனங்கள் போன்றவற்றுக்கு விலக்கு. தீயணைப்பு வண்டிக்கு இல்லை. அதே வருடம் மாநிலத் தீயணைப்புத் துறைகளைப் புதுப்பிக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டமும் வந்தது. புது வண்டி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று கடற்கரைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காத வண்டியைத் தீக்கு அனுப்புவது பாவம். ஆனால் இந்த வண்டிகளின் வயதை ஆண்டில் எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கிற வண்டி. தினமும் துடைத்து, இன்ஜினை ஓட விட்டு, பம்பைச் சோதித்து வளர்த்தது. பம்ப் எத்தனை மணி நேரம் சுழன்றது என்பதல்லவா அதன் வயது? ஓட்ட வேண்டாம், சரி. மாவட்டத்துக்கு ஒன்றையாவது உடைக்காமல் நிறுத்தி வைக்கலாம். மூக்கு வண்டி ஒன்று இன்று தூத்துக்குடியில் இருந்தால், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற முதல் ஆள் நான். கப்பலும் சங்கும் முத்தும் பற்றிப் பேசுகிற ஊரில் ஒரு சிவப்பு லாரிக்கு இடமில்லாமலா போகும்?

எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. எங்களுக்குத் துளியும் பிரயோஜனப்படாத காலத்தில் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்; ரோட்டோரம் நின்று கை காட்டினோம். உயிரைக் காப்பாற்றுகிற இன்றைய வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன திருவிழாவிலும் ஒன்று வந்து நின்றது. தட்டை முகம், சுழல் விளக்கு, அலுமினிய மூடிகளுக்குள் எல்லாச் சாமானும் மறைவு. பிள்ளைகள் அதைத் தாண்டி ராட்டினத்துக்கு ஓடினார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். காக்கியில் மிடுக்காக இருந்தான். என் மகன் வயதுகூட இருக்காது.

"தீக்கெல்லாம் கூப்பிடுதாங்களா தம்பி?"

"தேரிப் பக்கம் முள்ளுக்காடு எரியும் அண்ணாச்சி. குப்பைக் கிடங்கு எரியும். மத்தபடி பாம்புதான். நேத்துகூட ஒரு வீட்டுல பிரிட்ஜுக்கு அடியில."

"அவசரத்துக்குக் கடல் தண்ணிய எடுப்பீங்களா?"

"எடுக்கலாம். எடுத்தா, அப்புறம் பம்ப நல்ல தண்ணி விட்டு அலசணுமே." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இந்த ஊர்ல நல்ல தண்ணி எங்க கிடைக்கும், அண்ணாச்சி?"

குடிதண்ணீர் லாரி வருகிற நாளையும் நேரத்தையும் சொன்னேன். குறித்துக்கொண்டான்.